ஏன் பிடித்தீர்கள்? சொல்லுங்கள்!

ஒருவரைப் போலீசார் பிடித்துச் செல்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் என்ன கேட்பார்கள்?

"ஏன் பிடிக்கிறீர்கள்? எங்கே கொண்டு போகிறீர்கள்? எப்போது விடுவீர்கள்?"

இந்த மூன்று கேள்விகளைத்தான் கேட்பார்கள். படித்தவரும் இதைத்தான் கேட்பார். படிக்காதவரும் இதைத்தான் கேட்பார்.

இப்படிக் கேட்க நமக்கு உரிமை உண்டா? பதில் சொல்லும் கடமை அரசுக்கு உண்டா? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

இரண்டு வகைக் காவல்

முதல் வகையைப் பாருங்கள். ஒருவர் திருடினார் என்று புகார் வருகிறது. போலீசார் அவரைக் கைது செய்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். பிறகு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறார்கள். வழக்கு நடக்கிறது. சாட்சிகள் வருகிறார்கள். வக்கீல் வாதாடுகிறார். குற்றம் உறுதியானால் தண்டனை. உறுதியாகாவிட்டால் விடுதலை.

இரண்டாம் வகை வேறு. ஒருவர் இன்னும் எதுவும் செய்யவில்லை. ஆனால் 'இவரை வெளியே விட்டால் இனிமேல் ஏதாவது செய்துவிடுவார்' என்று அரசு நினைக்கிறது. அதற்காகவே அவரைச் சிறையில் அடைக்கிறது. குற்றப்பத்திரிகை கிடையாது. வழக்கு விசாரணை கிடையாது. தண்டனையும் கிடையாது. ஆனால் ஆள் மட்டும் சிறையில் இருக்கிறார்.

இதற்குத் தடுப்புக் காவல் என்று பெயர்.

கலவரத்தைத் தடுக்க இது வேண்டும் என்று அரசு சொல்கிறது. உளவாளிகளைப் பிடிக்க இது வேண்டும் என்றும் சொல்கிறது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். செய்த செயலுக்குச் சாட்சி உண்டு. செய்யப்போகும் செயலுக்கு யார் சாட்சி? எந்தச் சாட்சியும் தேவையில்லை என்றால், வேண்டாதவர் எவரையும் உள்ளே தள்ளிவிடலாம் அல்லவா? இதுதான் இந்தச் சட்டங்களில் உள்ள ஆபத்து.

வெள்ளையர் காலத்தில்

இந்த வழக்கம் நம் நாட்டுக்குப் புதியது அல்ல. 1818இல் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு விதி போட்டது. விசாரணை இல்லாமலே ஒருவரைக் காவலில் வைக்க அந்த விதி இடம் கொடுத்தது.

பஞ்சாபில் லாலா லஜபதி ராய் என்ற தலைவர் இருந்தார். விவசாயிகளுக்காகப் பேசினார். 1907 மே மாதம் இந்தப் பழைய விதியைக் காட்டி அவரைப் பிடித்தார்கள். பர்மாவில் உள்ள மாண்டலேக்குக் கொண்டுபோனார்கள். வழக்கு எதுவும் இல்லை. நவம்பரில் விட்டுவிட்டார்கள். பிடித்தபோதும் நீதிமன்றம் இல்லை. விட்டபோதும் நீதிமன்றம் இல்லை.

1919 மார்ச் மாதம் ரௌலட் சட்டம் வந்தது. சந்தேகத்தின் பேரிலேயே ஒருவரை அடைத்து வைக்கலாம் என்றது அந்தச் சட்டம். 'வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை' என்று மக்கள் அதைச் சொன்னார்கள். காந்தியடிகள் நாடு முழுவதும் கடையடைப்புக்கு அழைத்தார். ஏப்ரல் 6ஆம் தேதி அது நடந்தது.

அமிர்தசரஸ் நகரில் இரண்டு தலைவர்கள் இருந்தார்கள். ஒருவர் சைபுதீன் கிச்லு. மற்றொருவர் டாக்டர் சத்யபால். ஒருவர் முஸ்லிம். மற்றவர் இந்து. மக்கள் இருவரையும் ஒன்றாக நம்பினார்கள். ஏப்ரல் 10ஆம் தேதி இருவரையும் பிடித்துத் தர்மசாலாவுக்குக் கொண்டுபோனார்கள். விசாரணை இல்லை. 'எங்கள் தலைவர்களை விடுங்கள்' என்று மக்கள் ஊர்வலம் போனார்கள். அவர்களைச் சுட்டார்கள். ஊரில் கலவரம் மூண்டது.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 13இல், ஜாலியன்வாலா பாக் என்ற திடலில் கூட்டம் நடந்தது. தலைவர்களைப் பிடித்ததைக் கண்டித்துப் பேச வந்தவர்கள் இருந்தார்கள். திருவிழாவுக்கு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள்மேல் ஜெனரல் டயரின் சிப்பாய்கள் சுட்டார்கள். 379 பேர் இறந்ததாக அரசே கணக்குச் சொன்னது. உண்மையில் இறந்தவர்கள் அதைவிட அதிகம் என்று மக்கள் சொன்னார்கள்.

ரௌலட் சட்டத்தை 1922இல் நீக்கினார்கள். ஆனால் வழக்கம் நிற்கவில்லை. 1942இல் நேருவையும் பட்டேலையும் பிடித்தார்கள். அகமதுநகர்க் கோட்டையில் வைத்தார்கள். 1945 வரை அவர்கள் வெளியே வரவில்லை. அவர்களுக்கும் விசாரணை நடக்கவில்லை.

நம் அரசியல் சட்டம்

1950 ஜனவரி 26இல் நம் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு என்ன சொல்கிறது? சட்டம் சொல்லும் முறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது.

22ஆம் பிரிவு கைதைப் பற்றிப் பேசுகிறது. 1949 செப்டம்பரில் டாக்டர் அம்பேத்கர் இதை அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்தார். அதன்படி:

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும்.
விரும்பிய வக்கீலிடம் ஆலோசனை கேட்க விட வேண்டும்.
24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பயண நேரம் இந்தக் கணக்கில் சேராது.

ஆனால் அதே 22ஆம் பிரிவு ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு இந்த மூன்றும் பொருந்தாது. அவருக்கு வேறு பாதுகாப்பு உண்டு. காவலுக்கான காரணத்தை விரைவில் தெரிவிக்க வேண்டும். 'என்னை விடுங்கள்' என்று மனுச் செய்ய வாய்ப்புத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டுமானால் ஆலோசனைக் குழு ஒப்ப வேண்டும்.

தாங்களே விசாரணை இல்லாமல் சிறையில் இருந்தவர்கள் ஏன் இதை ஏற்றார்கள்? அது நாடு பிரிந்த காலம். பல இடங்களில் கலவரம் நடந்திருந்தது. அந்தப் பயம் அவர்களுக்கு இருந்தது. 1950இலேயே ஒரு தடுப்புக் காவல் சட்டம் வந்தது. ஒரு வருடத்துக்கு மட்டும் என்று அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் திரும்பத் திரும்ப நீட்டித்து 1969 வரை வைத்திருந்தார்கள்.

புரியாத மொழியில் ஒரு காகிதம்

1961இல் நாக்பூரில் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். காரணம் எழுதிய காகிதங்களைக் கொடுத்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இந்தி தெரியும். 'இந்தியில் கொடுங்கள்' என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். வாயால் விளக்கிச் சொன்னோம், அது போதும் என்றார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1962இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காரணத்தைத் தெரிவிப்பது என்றால் அவருக்குப் புரியும்படி தெரிவிப்பது என்று பொருள். புரியாத மொழியில் காகிதம் கொடுத்தால் அவர் எப்படிப் பதில் மனு எழுதுவார்? இப்படிக் கேட்டு அவரை விடுதலை செய்தது.

இது நாம் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு. 'எனக்குத் தெரிந்த மொழியில் கொடுங்கள்' என்று கேட்பது உரிமை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நெருக்கடி நிலை

1971இல் மிசா என்ற சட்டம் வந்தது. அதுவும் தடுப்புக் காவல் சட்டம்தான்.

1975 ஜூன் 25ஆம் தேதி இரவு. பிரதமர் இந்திரா காந்தியின் அரசு நாட்டில் நெருக்கடி நிலையை அறிவித்தது. விடிவதற்குள் ஜெயப்பிரகாஷ் நாராயண், மொரார்ஜி தேசாய் போன்ற தலைவர்களைப் பிடித்தார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. பிடித்தவர்களின் பெயரைக்கூட எழுத முடியவில்லை.

ஜூன் 27இல் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. 21, 22ஆம் பிரிவுகளைக் காட்டி நீதிமன்றம் போகும் உரிமை நிறுத்தப்பட்டது. இரண்டு நாளில் மிசா சட்டத்தையும் மாற்றினார்கள். காவலில் வைத்தவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று ஆக்கினார்கள்.

'ஏன் பிடித்தீர்கள்?' என்ற கேள்விக்கே இடம் இல்லாமல் போனது.

நெருக்கடி நிலை 1977 மார்ச் 21 வரை இருந்தது. பின்னர் நீதிபதி ஷா தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். மிசா சட்டத்தில் 34,988 பேரை வைத்திருந்தார்கள் என்று அந்தக் குழு கண்டது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி இன்னும் 75,818 பேரைப் பிடித்திருந்தார்கள். இரண்டையும் கூட்டினால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

ஒரு நீதிபதி சொன்ன 'இல்லை'

சட்டத்தில் ஒரு பழைய வழி உண்டு. அதன் பெயர் ஆட்கொணர்வு மனு. ஆங்கிலத்தில் ஹேபியஸ் கார்ப்பஸ் என்பார்கள். 'ஆளைக் கொண்டுவந்து நிறுத்து. எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறாய் என்று சொல்' என்று நீதிமன்றம் அரசுக்கு உத்தரவு போடும்.

காவலில் இருந்தவர்களின் சார்பில் பலர் இந்த மனுவைப் போட்டார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் 'இந்த மனுக்களை விசாரிப்போம்' என்றன. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போனது. ஜபல்பூர் வழக்கு என்று அதைச் சொல்வார்கள்.

விசாரணையின்போது நீதிபதி கன்னா அரசு வக்கீலிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ்காரர் தன் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் அப்போதும் நீதிமன்றம் ஒன்றும் செய்ய முடியாதா என்று கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை முடியாது என்று அரசு வக்கீல் பதில் சொன்னார்.

1976 ஏப்ரல் 28இல் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் 'இல்லை' என்றார். உயிர் வாழும் உரிமையை அரசியல் சட்டம் எழுதித்தான் நமக்குத் தந்தது என்று நினைப்பது தவறு என்றார். அந்த ஏடு இல்லாவிட்டாலும், சட்டத்தின் துணை இல்லாமல் எந்த அரசும் ஒருவரின் உயிரைப் பறிக்க முடியாது என்றார்.

இதற்கு அவர் கொடுத்த விலை என்ன? 1977 ஜனவரியில் அவர் தலைமை நீதிபதி ஆகியிருக்க வேண்டும். அவரைத் தாண்டி, அவருக்கு இளையவரை அந்தப் பதவியில் வைத்தார்கள். கன்னா பதவி விலகினார்.

காலம் மாறியது. 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு வேறொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அப்போது, ஜபல்பூர் வழக்கின் தீர்ப்புத் தவறு என்று அறிவித்து அதை ரத்துச் செய்தது. 1976இல் அரசின் பக்கம் நின்றவர்களில் ஒருவர் நீதிபதி ஒய்.வி.சந்திரசூட். 2017இல் 'அது தவறு' என்று எழுதியவர் அவருடைய மகன், நீதிபதி டி.ஒய்.சந்திரசூட்.

ஒரு தந்தையின் மனு

கேரளத்தில் ஈச்சர வாரியர் என்பவர் இருந்தார். இந்தி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் ராஜன். கோழிக்கோட்டில் பொறியியல் கல்லூரியில் படித்துவந்தான்.

1976 மார்ச் 1ஆம் தேதி விடிகாலையில் போலீசார் ராஜனைப் பிடித்துச் சென்றார்கள். கல்லூரி முதல்வர் தந்தைக்குக் கடிதம் எழுதித் தகவல் சொன்னார். தந்தை ஓடி வந்தார். மகன் எங்கே என்று கேட்டார். எவரும் பதில் சொல்லவில்லை.

அவர் ஓயவில்லை. மந்திரிகளைப் பார்த்தார். குடியரசுத் தலைவருக்கு மனு எழுதினார். மத்திய அரசுக்கு எழுதினார். ஒரு வருடம் ஓடியது. மகன் வரவில்லை.

நெருக்கடி நிலை முடிந்தது. உடனே அவர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று அரசு பதில் சொன்னது. ஆனால் பிடித்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பயப்படாமல் சாட்சி சொன்னார்கள். போலீசார் பிடித்தது உண்மை என்று 1977 ஏப்ரல் 13இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராஜனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று உத்தரவிட்டது.

கொண்டுவர ஆள் இல்லை. கக்கயம் போலீஸ் முகாமில் ராஜன் இறந்துபோன செய்தி அப்போதுதான் வெளியே வந்தது. நெருக்கடி நிலையின்போது மாநிலத்தின் உள்துறை மந்திரியாக இருந்தவர் கே.கருணாகரன். அப்போது முதல் மந்திரியாகியிருந்த அவர், ஏப்ரல் 25இல் பதவி விலகினார்.

ராஜனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. ஈச்சர வாரியர் 2006இல் இறந்தார். அவருக்கு மகன் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் 'பிடிக்கவே இல்லை' என்ற பொய் நிற்கவில்லை. ஒரு மனு அதைச் செய்தது.

பிறகு என்ன மாறியது?

நெருக்கடி நிலைக்குப் பின் வந்த ஜனதா ஆட்சி மிசா சட்டத்தை நீக்கியது. 1978இல் அரசியல் சட்டத்தில் 44ஆவது திருத்தம் வந்தது. இனிமேல் நெருக்கடி நிலை வந்தாலும் 21ஆம் பிரிவின் உரிமையை நிறுத்த முடியாது. ஜபல்பூர் வழக்கில் அடைத்த கதவை இந்தத் திருத்தம் திறந்துவிட்டது.

ஆனால் தடுப்புக் காவல் போய்விடவில்லை. 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1982இல் ஒரு சட்டம் வந்தது. மக்கள் அதைக் குண்டர் சட்டம் என்கிறார்கள்.

கேள்வி – பதில்

கேள்வி: தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் எத்தனை நாள் வைக்கலாம்?
பதில்: அதிகம் போனால் 12 மாதம். குண்டர் சட்டத்திலும் அப்படியே.

கேள்வி: காரணம் சொல்வார்களா?
பதில்: சொல்ல வேண்டும். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் சாதாரணமாக 5 நாளில் கொடுக்க வேண்டும். தனிக் காரணம் இருந்தால் 15 நாள் வரை ஆகலாம்.

கேள்வி: ஆலோசனைக் குழு முன்னால் வக்கீல் வைக்கலாமா?
பதில்: அதை உரிமையாகக் கேட்க இந்தச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் காவலில் இருப்பவர் தானே பேசலாம்.

கேள்வி: வேறு என்ன வழி?
பதில்: இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அரசுக்கு மனு அனுப்பலாம். அதை அரசு காலம் கடத்தாமல் பார்க்க வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் காவலே செல்லாது என்று நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. இரண்டு, ஆட்கொணர்வு மனு. உயர் நீதிமன்றத்திலும் போடலாம். உச்ச நீதிமன்றத்திலும் போடலாம். காவலில் உள்ளவர் தானே வர வேண்டியதில்லை. மனைவி போடலாம். அப்பா, அம்மா போடலாம். நண்பரும் போடலாம்.

யாரையாவது பிடித்துச் சென்றால்

மேற்கு வங்கத்தில் டி.கே.பாசு என்பவர் இலவசச் சட்ட உதவி அமைப்பில் பொறுப்பில் இருந்தார். காவலில் நடக்கும் சாவுகளைப் பற்றி 1986இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது. 1996இல் போலீசாருக்குக் கட்டளைகள் போட்டது. கைதுக்கான சட்டத்திலும் இவை பிறகு சேர்ந்தன. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இவை தொடர்கின்றன. இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. கைது செய்யும் போலீசார் தங்கள் பெயர் தெரியும்படி அட்டை அணிந்திருக்க வேண்டும்.
2. கைதுக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும். தேதியும் நேரமும் அதில் இருக்க வேண்டும். வீட்டார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும்.
3. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும்.
4. டாக்டர் பரிசோதிக்க வேண்டும்.
5. பெண்களை இரவில் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் மாஜிஸ்திரேட்டின் அனுமதி வாங்கிப் பெண் அதிகாரிதான் கைது செய்யலாம்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்? காகிதத்தில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள். பிடித்த நாள், நேரம், இடம், வண்டி எண், பார்த்தவர்கள் பெயர், எல்லாவற்றையும் உடனே எழுதி வையுங்கள். நாள் ஆனால் மறந்துபோகும். எழுதியது இருக்கும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவர்களுக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

மனு எழுதிப் பழகுங்கள்

பெறுநர்: செயலாளர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, ............
ஐயா / அம்மா,
என் பெயர் ............ . என் ஊர் ............ . என் மகன் / கணவர் ............ என்பவரை ............ தேதி ............ மணிக்கு ............ என்ற இடத்தில் போலீசார் பிடித்துச் சென்றார்கள். காரணம் சொல்லவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. பார்த்தவர்கள்: ............ . எங்களுக்கு இலவசச் சட்ட உதவி தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு, ............

இந்த மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்.

சொல்லும் பொருளும்

தடுப்புக் காவல் – விசாரணை இல்லாமல் முன்கூட்டியே சிறையில் வைப்பது
ஆட்கொணர்வு மனு – பிடித்த ஆளை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் மனு
குற்றப்பத்திரிகை – என்ன குற்றம் என்று போலீசார் நீதிமன்றத்தில் தரும் எழுத்து
தணிக்கை – எதை அச்சிடலாம், எதை அச்சிடக் கூடாது என்று அரசு பார்ப்பது

கலந்து பேசுங்கள்

1. கைதுக்கும் தடுப்புக் காவலுக்கும் என்ன வேறுபாடு?
2. நாக்பூர்க்காரர் ஏன் விடுதலை ஆனார்?
3. நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம் இருந்தபோதும் கன்னா ஏன் 'இல்லை' என்றார்?
4. ராஜன் வழக்கில் சாட்சிகள் பயந்து பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
5. கலவரத்தைத் தடுக்கத் தடுப்புக் காவல் வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். வேண்டாம் என்று மற்றவர் சொல்கிறார். உங்கள் கருத்து என்ன? ஐந்து வரி எழுதுங்கள்.